சென்ட்ரிங் இல்லாமல் செங்கல் டோம்: 10 அடி அறைக்கு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் தோட்டத்து அறைக்கோ, பழைய வீட்டின் பின்கட்டில் எடுக்கும் சின்ன அறைக்கோ சென்ட்ரிங் (கட்டும்போது கீழே தாங்கும் பலகை அச்சு) இல்லாமல் டோம் போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் கொத்தனார்களுக்கு ஆர்ச் தெரியும். மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கும் பழைய தட்டைக் கூரை) போடத் தெரிந்த பெரியவர்களும் சிலர் இருக்கிறார்கள். டோமில் கை வைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது உச்சியைப் பற்றி: "கடைசிக் கல் எப்படி நிக்கும்?" கடைசிக் கல் நின்றுவிடும். நான் பார்த்த கோளாறுகள் அத்தனையும் கீழே, வளையத்திலும் (சுவரின் மேல் டோமின் அடியைச் சுற்றிப் பிடிக்கும் கான்கிரீட்) கோளத்தின் மையத்திலும் தொடங்கியவை. அதனால் இதில் பாதிக்கு மேல் முதல் கல் வைப்பதற்கு முந்திய வேலைதான்.

அளவுகள் எல்லாம் ஒரே அறைக்கானவை: உள்ளளவு 10 அடிக்கு 10 அடி, சுவர் 9 அங்குலம், டோம் 4½ அங்குலக் கனம். 12 அடியைத் தாண்டினால் இவற்றைப் பெருக்கிப் போட்டுக் கட்டிவிடாதீர்கள். 10 அடியாகவே இருந்தாலும் வளையத்தின் கம்பி விவரத்தை ஒரு பொறியாளர் கண்ணில் காட்டிவிடுங்கள்.

1. வளைவை முடிவு செய்யுங்கள்

10 அடி விட்டத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று அரைக்கோளம்: ஆரம் 5 அடி, உயரமும் 5 அடி, மையம் வளைய மட்டத்திலேயே. முதல் வரிகள் (செங்கல் சுற்றுகள்) கிட்டத்தட்டப் படுக்கையாக வருவதால் தொடங்க எளிது. ஆனால் தன் எடையைத் தானே தாங்கி நிற்கும் அரைக்கோளத்தில், உச்சியிலிருந்து சுமார் 52 டிகிரி வரை உள்ள வரிகள்தான் சுற்றிலும் ஒன்றையொன்று நெருக்கும். அதற்குக் கீழே உள்ளவை அகலப் பார்க்கும். செங்கல் நெருக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. 5 அடி ஆரத்தில் அந்த எல்லை அடியிலிருந்து 3 அடி 1 அங்குலத்தில் வருகிறது. ஆக, பாதிக்கு மேற்பட்ட உயரம் அகலப் பார்க்கும் பகுதி. அங்கே 9 அங்குலக் கனம் கொடுக்க வேண்டும், அல்லது இடையில் பட்டை கட்ட வேண்டும்.

இரண்டாவது, தாழ்ந்த டோம். நான் சொல்வது இதைத்தான்: உயரம் 2 அடி 6 அங்குலம். ஆரம் கண்டுபிடிக்க, அரை விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 25-ஐயும் 6.25-ஐயும் கூட்டினால் 31.25. 5-ஆல் வகுத்தால் 6.25, அதாவது 6 அடி 3 அங்குலம். மையம் வளைய மட்டத்துக்கு 3 அடி 9 அங்குலம் கீழே விழும். 3¾, 5, 6¼ என்ற இந்த மூன்று அளவும் மூலைமட்டம் பிடிக்கத் தினமும் போடும் அதே 3-4-5 கணக்குதான். கொத்தனாரிடம் அப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

இந்த அளவில் டோம் உச்சியிலிருந்து 53 டிகிரியில் முடிகிறது. அதாவது நெருக்கும் பகுதியை மட்டும் கட்டி, அகலும் பகுதியை வெட்டி விட்டுவிடுகிறோம். வெளியே தள்ளும் வேலை முழுவதும் வளையத்தில் வந்து சேரும். அதைக் கம்பி பார்த்துக்கொள்ளும்.

"இன்னும் தட்டையாகப் போட்டால் எடுப்பாக இருக்குமே" என்பார்கள். உயரத்தை 1½ அடியாகக் குறைத்தால் வளையத்தின் மேல் வரும் இழுப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். முதல் வரியிலேயே கல் வழுக்கவும் செய்யும். வேண்டாம்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

செங்கல் 550. டோமின் உட்பரப்பு 98 சதுர அடி, அதற்கு 460 கல் போதும். மேல் வரிகளில் வெட்டுச் சேதாரம் அதிகம் என்பதால் மீதி. ஒரே சூளைக் கல்லாக இருக்க வேண்டும். கனம் 2 நூல் (ஒரு நூல் ⅛ அங்குலம்) மாறினாலும் ஒரு சுற்று முடியும் இடத்தில் மட்டம் சேராது. தட்டினால் கணீரென்று ஒலிக்காத கல்லைச் சுவருக்குத் தள்ளிவிடுங்கள்.

சலித்த சன்ன மணல் (பி-சாண்ட் போதும்), சிமெண்ட், நீர்த்து ஊறிய சுண்ணாம்பு, 10 எம்எம் கம்பி, ஒன்றரை அங்குல ஜிஐ குழாய், அரை அங்குலச் சதுர இரும்புக் குழாய், கல் வெட்டும் மெஷின், டியூப் லெவல், உடைந்த ஓட்டுச் சில்லு ஒரு கூடை. சில்லை யாரும் எடுத்து வைப்பதில்லை. முதல் வரியிலேயே தேடுவார்கள்.

மாதம் முக்கியம். தை பிறந்ததும் தொடங்கிப் பங்குனிக்குள் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைக் கலவை கழுவிக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் கல் சூடேறிக் கலவையிலுள்ள ஈரத்தைக் கை எடுப்பதற்குள் குடித்துவிடும்.

3. சுவர் உயரம், மூலைக்கல்

வளையம் எந்த உயரத்தில் வருகிறது என்பதை அறையின் உபயோகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கோள வடிவக் கூரை, மையத்திலிருந்து கிளம்பும் ஒலியை மையத்துக்கே திருப்பி அனுப்பும். வளையம் 8 அடியில் இருந்தால் மையம் தரையிலிருந்து 4 அடி 3 அங்குலத்தில். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காதும் ஏறக்குறைய அங்கேதான். அறையின் நடுவில் உட்கார்ந்து பேசினால் அவர் குரலே அவர் காதைக் குத்தும். 9 அடிக்கு ஏற்றினால் நிற்பவரின் காதுக்கு வருகிறது. 10 அடியில் வைத்தால் மையம் தலைக்கு மேலே போய்விடும். பேச்சு, பாட்டு நடக்கும் அறை என்றால் 10 அடியே வையுங்கள். சாமான் அறைக்கு 8 அடி போதும்.

அடுத்தது மூலை. சதுரத்தின் மேல் வட்டம் உட்கார வேண்டுமானால் முதலில் எட்டு முகமாக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு சுவரிலும் 2 அடி 11 அங்குலம் அளந்து குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்காக 4 அடி 1¾ அங்குலம் வரும். நான்கு மூலையிலும் இப்படிச் செய்தால் எட்டுப் பக்கமும் சமமாக இருக்கும்.

அந்தக் குறுக்கு இடத்தைச் செங்கல் வளைவாலும் எடுக்கலாம். நம் பக்கத்தில் கருங்கல் பலகை எளிதாகக் கிடைப்பதால் 5 அங்குலக் கனத்தில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டுவிடுவதுதான் வேலைக்கு லேசு. கோயில் மண்டபங்களில் மூலைக்கு மூலை கல் போட்டு இடத்தைச் சுருக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வழி. இரு பக்கச் சுவரிலும் குறைந்தது 6 அங்குலம் பலகை ஏறியிருக்க வேண்டும். 3 அங்குலம் ஏற்றிவிட்டு "கல்லுதானே, எங்கே போகப்போகுது" என்பார்கள். கல் போகாது, அதன் கீழே இருக்கும் செங்கல் நொறுங்கும். பலகை உட்காரும் இடத்தில் 1:3 கலவையில் ஒரு படுக்கை கொடுத்து, டியூப் லெவலில் நான்கு பலகையின் மேல்முகமும் ஒரே மட்டம் என்று பார்த்த பிறகு மேலே போங்கள்.

4. மையக் குழாயும் அளவுகோலும்

புதியவர்கள் வரிசை தவறுவது இங்கேதான். வளையத்தைக் கான்கிரீட் போட்டுவிட்டு, அப்புறம் மையம் தேடுகிறார்கள். மூலைவிட்டம் இழுத்துக் கிடைக்கும் மையம் ஒன்று, போட்ட வளையத்தின் மையம் இன்னொன்று. முக்கால் அங்குல வித்தியாசம் இருந்தாலும் டோம் ஒரு பக்கம் சாய்ந்து ஏறும். மையம் முதலில், அதை வைத்து வளையம்.

மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து ஜிஐ குழாயைக் கான்கிரீட்டில் நடுங்கள். அதனால் தரை வேலை டோமுக்குப் பிறகுதான். ஆத்தங்குடிக் கல் வந்து வாசலில் இறங்கியிருக்கும். "கல்லு சும்மாதானே கெடக்கு, மொதல்ல அதைப் பதிச்சிருங்க தம்பி" என்று வீட்டு ஆச்சி சொல்வார்கள். கேட்காதீர்கள். குழாய் நடுவதற்காகப் பிறகு பூக்கல்லை உடைக்க வேண்டிவரும், மேலிருந்து விழும் கலவைக் கறையும் லேசில் போகாது.

குழாயை இரண்டு திசையிலும் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, உச்சியில் ஒரு கண் போல்ட் பொருத்துங்கள். கண்ணின் நடு, வளைய மட்டத்துக்கு, அதாவது வளையம் வரப்போகும் உள்விளிம்பின் மேல்முனைக்கு, மிகச் சரியாக 3 அடி 9 அங்குலம் கீழே.

கோலுக்குக் கயிறு வேண்டாம். கயிறு நனைந்தால் ஒரு அளவு, காய்ந்தால் ஒரு அளவு, இழுப்பவரைப் பொறுத்து இன்னொரு அளவு. சதுர இரும்புக் குழாயை ஒரு முனையில் கொக்கியாக்கிக் கண்ணில் மாட்டுங்கள். கண்ணின் நடுவிலிருந்து 6 அடி 3 அங்குலத்தில் கீழ்நோக்கி ஒரு சின்னத் தகடு வெல்டு செய்யுங்கள். கல்லின் உள்முகம் அந்தத் தகட்டில் ஒட்டி நிற்க வேண்டும். தகட்டைத் தாண்டிக் கோல் இன்னும் 5 அங்குலம் நீளட்டும். அந்த நீட்டம் வைத்த கல்லின் மேல்முகத்தில் படிந்தால் சரிவும் சரி என்று அர்த்தம். ஒரே கோல் ஆரத்தையும் சரிவையும் சேர்த்துக் காட்டிவிடும்.

அளவைக் குழாயின் ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒன்றரை அங்குலக் குழாயில் அதுவே முக்கால் அங்குலத்துக்கு மேல் பிசகும். சாரத்தின் எந்தக் கட்டையும் பலகையும் மையக் குழாயைத் தொடவே கூடாது. கைக்கு வாட்டமாக இருக்கிறதே என்று சித்தாள் கலவைச் சட்டியை அதில் மாட்டினால் அன்றைய வரிகளில் நம்பிக்கை போயிற்று. தினமும் காலையில் குழாயைத் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துவிட்டே முதல் கல்லை எடுங்கள்.

5. வளையம்

டோம் பூச்சோடு சேர்த்து இரண்டரை டன் அளவில் வரும். அதன் செங்குத்து எடை சுவருக்குப் பெரிய விஷயமே இல்லை. வெளித்தள்ளலைத்தான் 9 அங்குலச் சுவர் தாங்காது. அதை மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை போல வளையம் சுற்றிப் பிடிக்கிறது. கணக்குப் போட்டால் இழுப்பு அரை டன்னுக்குள்தான் வரும். ஒரு கம்பியே தாங்கக்கூடியது என்றாலும், கான்கிரீட் வெடிக்காமல் இருக்கவும் லேப்பில் (கம்பியின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம்) குறை வந்தால் ஈடுகட்டவும் நான்கு 10 எம்எம் கம்பி போடுகிறோம். ஸ்டிரப் (நான்கு கம்பியையும் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) 8 எம்எம், 6 அங்குல இடைவெளி. வளையம் 9 அங்குல அகலம், 6 அங்குல உயரம், கான்கிரீட் 1:1½:3.

கம்பியின் இணைப்பில் 2 அடி லேப் விடுங்கள். நான்கு கம்பியின் லேப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது, நாலு திசைக்குப் பிரித்துவிடுங்கள். ஒரே இடத்தில் விட்டால் வளையத்துக்குக் கதவு வைத்ததாக ஆகும், திறப்பதும் அங்கேதான்.

அதேபோல, வென்டிலேட்டருக்கு இடம் பற்றவில்லை என்று வளையத்தை ஓரிடத்தில் வெட்டி விடுவது. முக்கால் வளையம் என்று ஒன்று கிடையாது. ஜன்னல் எதுவானாலும் வளையத்துக்குக் கீழே.

டோமுக்கு இல்லாவிட்டாலும் வளையத்துக்குச் சென்ட்ரிங் வேண்டும். அந்தப் பலகை அடிக்கும்போது கோலைச் சுற்றிவிட்டு உள்விளிம்பைப் பிடியுங்கள். எட்டு முகத்தின் முனைகளில் வட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே 5 அங்குலம் இடைவெளி வரும். அங்கெல்லாம் வளையம் 5 அங்குலம் உள்ளே துருத்தி நிற்கும். கம்பி போட்ட கான்கிரீட் என்பதால் தாங்கும், ஆனால் காயும்வரை கீழே முட்டு வேண்டும்.

வளையத்தின் மேல்முகம் தட்டையாக இருக்கக் கூடாது. உள்விளிம்பிலிருந்து வெளியே போகப் போக ஏற வேண்டும்: 4 பங்கு போனால் 3 பங்கு ஏற்றம். 4½ அங்குலக் கல் உட்காரும் இடத்துக்குக் கிடைமட்ட அளவு 3⅝ அங்குலம், ஏற்றம் 2¾ அங்குலம். கோலின் நீட்டத்தை மேலே வைத்துப் பார்த்தால் சரிவு தானே தெரியும். சரிவுக்குப் பின்னால் மீதி அகலத்தைக் கல்லின் முதுகுக்கு முட்டாக அதே உயரத்துக்கு நிரப்பிவிடுங்கள்.

சரிவை விட்டுவிட்டு முதல் வரியின் கீழே கலவையைக் குவித்து ஒப்பேற்றுவார்கள். டோமின் மொத்த எடையும் அந்தக் கலவைக் குவியலில் வந்து நிற்கும்.

ஈரச் சாக்கு போட்டு 14 நாள் தண்ணீர் காட்டுங்கள். அதற்கு முன் மேலே ஒரு கல்லும் வேண்டாம்.

6. கலவையும் கல்லின் ஈரமும்

சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சுத்தச் சுண்ணாம்புக் கலவைக்கு நான் எதிரி இல்லை. சென்ட்ரிங் மேல் கட்டினால் அதுவே போதும். சென்ட்ரிங் இல்லாமல் கட்டும்போது கல் சீக்கிரம் பிடிக்க வேண்டும், சுண்ணாம்பு மட்டும் அவ்வளவு வேகமாக இறுகாது. சிமெண்ட் மட்டும் போட்டால் பசை போதாது, கல் வழுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் சரி.

ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டுப் பூச்சு என்றதும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக்கு அது சரி. சிமெண்ட் சேர்ந்த கலவையில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள். சர்க்கரை சிமெண்டை இறுகவே விடாது. காலையில் வைத்த கல் சாயங்காலம் ஆடும்.

கலவை கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். கல்லைத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, எடுத்து நிழலில் அடுக்குங்கள். மேல்முகத்தில் ஈரப் பளபளப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் வழுக்கும். காய்ந்த கல்லை வைத்தால் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, பொடியை மிச்சம் வைக்கும்.

7. வரி வரியாக

வேலை தொடங்குமுன் கொத்தனாரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். கோயில் விமானத்தின் சிகரம் வெளியே பார்க்க டோம் மாதிரியே இருக்கும். அது படுக்கையாக அடுக்கி, வரிக்கு வரி உள்ளே தள்ளி ஏற்றுவது. அந்தக் கை உள்ளவர் இங்கேயும் கல்லைப் படுக்கையாகவே வைக்கப் பார்ப்பார். 10 அடி அகலத்தை 2½ அடி உயரத்துக்குள் மூட, தள்ளி அடுக்கினால் நிற்காது. ஒவ்வொரு கல்லின் படுக்கையும் மையத்தைப் பார்த்துச் சாய வேண்டும்.

முதல் வரிக்கு ஏறக்குறைய 40 முழுக்கல். நீளம் சுற்றுவாக்கில், 4½ அங்குலம் டோமின் கனம். கலவையைப் படுக்கையிலும் கல்லின் ஒரு தலையிலும் தடவி, வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இரண்டு முறை பக்கவாட்டில் அசைத்தால் கல் கலவையை இழுத்துக்கொள்வது கையில் தெரியும். மெதுவாக விரலை எடுக்கலாம். அசைத்த பிறகு கரண்டிப் பிடியால் தட்டாதீர்கள். பிடித்த பிடி விட்டுவிடும், திரும்பப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் கல்லை எடுத்து, கலவையை வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இணைப்பு உள்பக்கம் 2 நூல், வெளிப்பக்கம் ஏறக்குறைய 4 நூல். அந்த வித்தியாசம்தான் கல்லைச் சாய்க்கிறது. வெளிப்பக்க வாயில் ஓட்டுச் சில்லைச் சொருகிவிடுங்கள். கலவை இறுகும்போது சுருங்கினாலும் கல் பின்னுக்குச் சரியாது.

ஒவ்வொரு கல்லுக்கும் கோல் வர வேண்டும். "நாலு கல்லுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்ணே" என்று ஆரம்பித்த சுற்றுகள் முட்டை வடிவத்தில்தான் முடியும். ஒரு ஆள் கோலுக்கு மட்டும் நிற்கட்டும்.

சுற்று முழுதாக மூடிய பிறகுதான் டீ, சாப்பாடு, வீடு எல்லாம். மூடிய சுற்றில் கல் உள்ளே விழ வழியில்லை, பக்கத்துக் கற்கள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடாத சுற்றில் ஒவ்வொரு கல்லும் கலவையை மட்டும் நம்பி நிற்கிறது. அதன் நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம்.

சுற்றை மூடும் கல்லை அளந்து வெட்டி, இறுக்கமாக இறக்குங்கள். அந்த இடத்தில் கலவையைத் திணித்து நிரப்பக் கூடாது. ஒரு வரியின் மூடுகல்லுக்கு மேலேயே அடுத்த வரியின் மூடுகல் வந்தால் உச்சிவரை ஒரு தையல் விழும். ஒவ்வொரு வரியையும் கால் சுற்று தள்ளித் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

மொத்தம் 21 வரி அளவில் வரும். நாளுக்கு 3 அல்லது 4 வரி. காலை 6 முதல் 11 வரை, அப்புறம் மூன்றரைக்கு மேல்.

8. மேல் வரிகள்

பாதி ஏறியதும் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, 9 அங்குலக் கல் நேர்க்கோடு, சுற்று சுருங்கிக்கொண்டே போகிறது. 5 அடி ஆரத்தில் கல்லின் நடுவுக்கும் வட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை நூலுக்குள். 2 அடி ஆரத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம். அங்கே அரைக்கல்லுக்கு மாறிவிடுங்கள். கடைசி நான்கைந்து வரிகளில் அரைக்கல்லின் பக்கங்களையும் லேசாகக் கூம்பச் சீவ வேண்டும்.

இரண்டாவது, சரிவு. உச்சியை நெருங்க நெருங்கப் படுக்கை செங்குத்தாகிவிடும், கலவைப் பசை மட்டும் போதாது. 6 எம்எம் கம்பியைக் கொக்கியாக வளைத்து, கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு அரைக்கல்லைத் தொங்கவிடுங்கள். கொக்கி புதுக் கல்லின் உள்விளிம்பைப் பிடிக்கும், கயிறு டோமின் முதுகில் வெளியே இறங்கும். பக்கத்துக் கல் வைத்து இறுகியதும் கொக்கியைக் கழற்றி அடுத்த கல்லுக்கு மாற்றலாம். ஒரு பத்துக் கொக்கி தயாராக இருந்தால் வேலை நிற்காது.

கட்டி முடித்த பகுதியின் மேல் ஏறி நின்று வேலை செய்யாதீர்கள், அன்றைக்குக் கட்டியது என்றால் கையைக்கூட ஊன்றாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறுவதைப் பச்சை டோம் தாங்காது.

9. உச்சிக் கண்

முழுவதும் மூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 12 அங்குல விட்டத்தில் கண் விட்டால் அதன் ஓரச் சுற்றே இறுகிய வளையமாக நின்றுகொள்ளும். சூடான காற்று வெளியேறவும் வெளிச்சம் இறங்கவும் அதுதான் வழி. அதற்கு மேலே 4 அங்குல உயரத்துக்குச் செங்கல் கழுத்து கட்டி, கனமான கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக வைத்து, கழுத்தில் நான்கு துவாரம் விட்டு வலை அடியுங்கள். வலையை மறந்தால் வவ்வால் குடியேறும்.

கண் போட்டதும் 14 நாள் ஈரச் சாக்கு. மையக் குழாயை உடனே அறுத்து எடுக்காதீர்கள். அந்த 14 நாளும் முடிந்த பிறகு, எட்டுத் திசையிலும் கோலைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு எடுக்கலாம்.

10. பூச்சும் மழைத் தண்ணீரும்

டோமின் மேல் விழும் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். அது போய்ச் சேருகிற இடம்தான் தலைவலி. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே நான்கு மூலையிலும் முக்கோணத் திட்டுகள் இருக்கின்றன அல்லவா? மொத்த மழையும் அங்கே தேங்கும், வளையத்தின் ஓரமாக உள்ளே இறங்கும். டோம் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒழுகுவது இந்த மூலைதான்.

மூலைத் திட்டைச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, வெளியே பார்த்து 40-க்கு 1 சரிவு கொடுங்கள். டோம் திட்டைத் தொடும் மூலையில் 3 அங்குலத்துக்கு வளைத்துப் பூசுங்கள். மூலைக்கு ஒரு வடிகுழாய், 2½ அங்குலத்துக்குக் குறையாமல், சுவரைத் தாண்டி 9 அங்குலம் நீட்டி. மாவிலையும் வேப்பிலையும் அடைக்கும் ஊர் இது, சின்னக் குழாய் ஒரு மழைக்கு மேல் உதவாது.

டோமின் முதுகில் இரண்டு தடவையாக மொத்தம் முக்கால் அங்குலம் பூச்சு. அதன் மேல் வெள்ளைப் பளபளப்பு டைல்ஸ் சில்லு பதிக்கலாம், அல்லது வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கலாம். மிச்சமான ஆத்தங்குடிக் கல்லை உடைத்துப் பதிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. அது வீட்டுக்குள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கும் தரைக்கல். கூரையில் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் வெளுக்கும், கனமும் கூட.

உள்பக்கம் பூசாமல் செங்கல்லாகவே விடுவது எனக்குப் பிடிக்கும். இணைப்புகளின் சொரசொரப்பு எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும். முட்டை வெள்ளை போட்டு இழைத்த வழவழப்புப் பூச்சு சுவரோடு நிற்கட்டும். டோமின் உள்ளே அதைப் போட்டால் அறை மணிக்கூண்டாகிவிடும்.

11. முதல் வருடம் விரிசல் பார்ப்பது

பூச்சில் வலை மாதிரி வரும் மெல்லிய வெடிப்பு பூச்சுக்கு மட்டும் சொந்தம். சுண்ணாம்பு அடிக்கும்போது மூடிவிடும்.

வளையத்திலிருந்து உச்சியை நோக்கி மேலேறும் கோடு, தலைமுடி கனத்துக்குள் இருந்து வளராமல் நின்றால் வளையம் லேசாக நீண்டு உட்கார்ந்திருக்கிறது. மூலைக்கல்லின் கீழே சுவரில் சாய்வாக வரும் விரிசல், பலகை சுவரில் போதுமான அளவு ஏறவில்லை என்பதைக் காட்டுகிறது. மேலே முட்டு கொடுத்து அந்த இடத்துச் செங்கல்லை மாற்ற வேண்டும். டோமின் உள்ளே சுற்றுவாக்கில், வரியோடு வரியாக ஓடும் விரிசல்தான் மோசம். வளைவு அதன் வடிவத்திலிருந்து நகர்கிறது என்று பொருள். அறையைப் பூட்டிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எந்த விரிசலானாலும் வளர்கிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. அதன் குறுக்கே இரண்டு அங்குலத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பூச்சு வைத்து, தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். ஐப்பசிக்கு முன் ஒன்று வைத்து, மார்கழியில் பாருங்கள். பூச்சு உடையாமல் இருந்தால் விரிசலை அடைத்துவிடலாம், உடைந்திருந்தால் அடைக்காமல் அப்படியே காட்டுங்கள்.